கதையிடம் கணக்குக் கேட்பவர்கள்

1971 செப்டம்பரில் பாஸ்டன் நகரில் உலக விஞ்ஞானக் கதை மாநாடு கூடியது. லாரி நிவன் எழுதி முந்தைய ஆண்டு வெளிவந்த ‘ரிங்வேர்ல்ட்’ நாவலுக்கு அங்கே ஹியூகோ விருது கிடைத்தது. அதே மாநாட்டில், விடுதியின் தாழ்வாரங்களில் எம்.ஐ.டி. மாணவர்கள் கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள். ரிங்வேர்ல்ட் நிலைத்து நிற்காது என்பதுதான் அந்தக் கோஷம். நிவனே இதைப் பிற்பாடு அதன் தொடர்ச்சியான நாவலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

நாவலில் சூரியன் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றி ஒரு பிரமாண்டமான வளையம் இருக்கிறது. ஆரம் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம் அது. அகலம் 16 லட்சம் கிலோமீட்டர். உட்பக்கத்தில் கடல், மலை, காடு, ஊர்கள். வளையம் விநாடிக்கு 1,200 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் சுழல்வதால் உள்ளே நிற்பவருக்குப் பூமியில் நிற்பது போன்ற எடை இருக்கும். இதுவரை கணக்கு சரியாக வருகிறது. ஆனால் நடுவிலுள்ள விண்மீனோடு எதனாலும் கட்டப்படாத ஒரு திட வளையம் சிறிது ஒதுங்கினாலும் போதும், நெருங்கிய பக்கம் மேலும் மேலும் இழுபட்டுக் கடைசியில் விண்மீன்மீது போய் மோதும். சனிக்கோளின் வளையம் ஒரே திடப்பொருளாக இருக்க முடியாது என்று ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1859இல் வெளியிட்ட ஆய்வு சொன்னதும் இதைத்தான்.

கதைதானே என்று நிவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போகவில்லை. ‘ரிங்வேர்ல்ட் எஞ்சினியர்ஸ்’ என்ற அந்தத் தொடர்ச்சி நாவலில், வளையத்தின் விளிம்புச் சுவர்களில் அதை நிலைப்படுத்தும் எந்திரங்கள் பொருத்தப்பட்டிருந்தன என்றும், வளையத்தில் வாழ்ந்தவர்கள் அவற்றைக் கழற்றித் தங்கள் கப்பல்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றும், அதனால் இப்போது வளையம் விண்மீனை நோக்கி நகர்கிறது என்றும் எழுதினார். வாசகர்கள் சொன்ன குறையே அடுத்த கதைக்கு முடிச்சாகிவிட்டது.

விஞ்ஞானக் கதை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். ராக்கெட், ரோபோ, வேற்றுக்கிரகவாசி என்று பொருள்களைப் பட்டியலிட்டு இந்த வகையை அடையாளம் காட்டிவிட முடியாது. வாசகர் கணக்குக் கேட்கலாம் என்று கதையே முன்வந்து ஒப்புக்கொள்வதுதான் அடையாளம். வரலாற்று நாவல் வாசகர்களும் ஆசிரியரைக் கேள்வி கேட்பவர்கள்தான். பத்தாம் நூற்றாண்டுச் சோழர் அரண்மனையில் மிளகாய் வந்தால் விடமாட்டார்கள். ஆனால் அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது நடந்து முடிந்த ஒன்றோடு. எம்.ஐ.டி. மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததோ எங்குமே இல்லாத, எவருமே கட்டாத ஒரு பொருளை. இல்லாத பொருளைப் பற்றி ஒருவர் சரியாகவோ தப்பாகவோ சொல்ல முடியும் என்ற நிலையை ஒரு கதை உண்டாக்கியிருக்கிறது. எனக்கு இது இலக்கியத்தில் நிகழ்ந்த பெரிய காரியங்களில் ஒன்றாகப் படுகிறது.

கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போகிறவர்களின் கதைகள் நம்மிடம் ஏராளம். அஞ்சனம் தீட்டிக்கொண்டு மறைபவர், குளிகையை வாயில் அடக்கிக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போகும் சித்தர் என்று பாட்டிமார் சொன்ன கதைகளில் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை: அவர் சாப்பிட்ட சோறு என்ன ஆகும்? கேட்காதது கேட்பவரின் அறியாமை அல்ல. அந்தக் கதையின் அக்கறை வேறு. மறைந்து போனவர் யாரைக் காப்பாற்றினார், எந்தப் பெருமைக்காரரின் அகந்தையை அடக்கினார் என்பதுதான் அங்கே முக்கியம்.

எச். ஜி. வெல்ஸ் 1897இல் ‘இன்விசிபிள் மேன்’ எழுதியபோது அந்தச் சோற்றைப் பற்றித்தான் கேட்டார். கிரிஃபின் என்ற ஆராய்ச்சியாளன் தன் உடலில் ஒளி விலகும் அளவைக் காற்றினுடையதற்குச் சமமாக்கிவிடுகிறான். தூளாக்கிய கண்ணாடி வெள்ளையாகத் தெரிகிறது, அதைத் தண்ணீரில் போட்டால் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது என்று அவனே விளக்கமும் தருகிறான். இது ஒன்றுதான் வெல்ஸ் நம்மிடம் சும்மா கேட்டு வாங்கிக்கொள்வது. அதன்பிறகு எதுவும் இலவசம் இல்லை. உடல் மறைந்தது, உடுப்பு மறையவில்லை. ஆகவே லண்டனின் ஜனவரிக் குளிரில் நிர்வாணமாகத் திரிய வேண்டும். சாப்பிட்டது செரிக்கும்வரை வயிற்றுக்குள் தெரியும். பனி பெய்தால் மேலே படியும், மழை உருவத்தின் விளிம்பைக் காட்டிக் கொடுக்கும், மூடுபனியில் நடந்தால் ஆள் வடிவில் ஒரு வெற்றிடம் நகரும். நாய்கள் மோப்பம் பிடித்துக் குரைக்கின்றன. சேற்றில் மிதித்த வெறுங்கால் தடங்கள் படியில் ஏறிப் போவதைப் பார்த்துத் தெருச் சிறுவர்கள் பின்தொடர்கிறார்கள். மனிதர்களை ஆட்டிப் படைக்கலாம் என்று கனவு கண்டவன், ஒரு கோட்டும் தொப்பியும் கிடைக்காதா என்று அலைகிறான். அவனுடைய வெறியும் கொடூரமும் இந்தச் சில்லறை இடைஞ்சல்களிலிருந்தே வளர்கின்றன. பாத்திரப் படைப்பும் இயற்பியலும் இங்கே ஒரே வேலையைச் செய்கின்றன.

அப்படியும் ஒரு ஓட்டை இருந்தது. விழித்திரை ஒளியை உள்வாங்கினால்தான் பார்வை உண்டு. ஒளி முழுவதும் ஊடுருவிப் போய்விட்டால் மறைந்த மனிதன் குருடன். ருஷ்ய எழுத்தாளர் யாக்கவ் பெரெல்மான் இதை எடுத்துச் சொன்னார். சோவியத் வெளியீடாகத் தமிழில் வந்த அவருடைய ‘பொழுதுபோக்குப் பௌதிகம்’ நூலைப் பள்ளிப் பருவத்தில் படித்தவர்களுக்கு அவர் பெயர் மறந்திருக்காது. வெல்ஸுக்கும் இந்தச் சிக்கல் மங்கலாகவாவது தெரிந்திருக்க வேண்டும். கிரிஃபின் முதலில் சோதித்துப் பார்த்த பூனையின் உடல் முழுவதும் மறைந்த பிறகும் கண்ணின் பின்புறப் படலம் மட்டும் மினுங்கிக்கொண்டு நிற்பதாக எழுதியிருக்கிறார்.

இங்கே நம் இலக்கியத்திலிருந்து ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சச்சந்தன் ஒரு தச்சனை வைத்து மயிற்பொறி செய்விக்கிறான். கருவுற்றிருக்கும் விசயை அதை ஓட்டப் பழகுகிறாள். பொறியை வலப்பக்கம் திருகினால் மேலெழுந்து மேகத்தைப் பிளந்து பறக்கும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்துத் தரையில் அமரும். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொண்டபோது, அரசன் அவளை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போரிட்டு மடிகிறான். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். மந்திரமோ தெய்வ வரமோ இல்லை. கையால் செய்த, இயக்கப் பழக வேண்டிய, வலம் இடம் என்று திருகு வைத்த ஒரு எந்திரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கவி ஒருவர் இதை இவ்வளவு துல்லியமாகக் கற்பனை செய்திருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஆனாலும் சிந்தாமணியை விஞ்ஞானக் கதை என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அந்தக் காப்பியத்துக்குப் பெருமை சேர்ப்பதும் ஆகாது. ஏனென்றால் பறக்கும் எந்திரம் ஒன்று இருந்தும் அந்த உலகம் மாறவில்லை. அந்தத் தச்சன் இன்னும் பத்துப் பொறிகள் செய்திருந்தால் கட்டியங்காரனின் முற்றுகை என்ன ஆகியிருக்கும்? கோட்டை மதிலுக்கு அதன்பின் என்ன பயன்? பகை அரசர்கள் தச்சனைத் தேடி ஆள் அனுப்ப மாட்டார்களா? காப்பியம் இவற்றைக் கேட்கவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. அரசியைச் சுடுகாட்டில் சேர்த்ததோடு பொறியின் வேலை முடிந்தது. அரண்மனையில் பிறக்க வேண்டியவன் பிணம் சுடும் இடத்தில் பிறந்தான் என்ற நிலையாமைதான் தேவருக்கு வேண்டியிருந்தது. விஞ்ஞானக் கதை எழுதுகிறவர் அந்தத் தச்சனை அவ்வளவு சுலபமாகப் போகவிட மாட்டார்.

இதற்கு நேர் எதிரான ஒரு நூலும் இருக்கிறது. கெப்ளர் எழுதி, அவர் இறந்தபின் 1634இல் அச்சான ‘சோம்னியம்’. இதில் நிலாவுக்குப் போகும் வாகனம் பேய். கிரகண நிழலின் வழியே பேய்கள் மனிதரைத் தூக்கிப் போகின்றன. பறக்கும் முறையைப் பார்த்தால் இது சுத்த மாயக் கதை. ஆனால் நிலாவில் கால் வைத்தவுடன் கெப்ளர் கணக்குப் போட ஆரம்பிக்கிறார். அங்கே பகல் நம் கணக்கில் சுமார் பதினைந்து நாள், இரவும் அப்படியே. நிலாவின் ஒரு பாதியில் இருப்பவர்களுக்குப் பூமி வானத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நின்று சுழலும். மறு பாதியில் இருப்பவர்கள் பூமியைப் பார்க்கவே மாட்டார்கள். இரு பக்கத்து மக்களுக்கும் தட்பவெப்பமும் காலக் கணக்கும் எப்படி வேறுபடும் என்று விரிவாக எழுதிக்கொண்டே போகிறார். நூலுக்குத் தாமே இருநூறுக்கும் மேற்பட்ட குறிப்புகளும் எழுதினார். பூமி சுழல்வதை நம் கால்கள் உணர்வதில்லை என்பதால் அது சுழலவில்லை என்று வாதிட்டவர்களுக்கு, நிலாவில் நிற்பவனும் தன் தரை அசையவில்லை என்றுதான் நினைப்பான் என்று காட்டுவது அவர் நோக்கம். மயிற்பொறியில் எந்திரம் இருக்கிறது, விளைவு இல்லை. சோம்னியத்தில் எந்திரம் இல்லை, விளைவு முழுவதும் இருக்கிறது. பேய் வாகனத்தை மீறி கெப்ளரைத்தான் நான் இந்த மரபின் முன்னோர் வரிசையில் வைப்பேன்.

அப்படியானால் சொல்வதெல்லாம் சரியாக இருந்தால்தான் விஞ்ஞானக் கதையா? அதுவும் இல்லை. ஜூல் வெர்ன் 1865இல் எழுதிய நிலாப் பயண நாவலில் மனிதர்களைப் பீரங்கியில் வைத்துச் சுடுகிறார்கள். குழாயின் நீளம் 900 அடி. அதைக் கடப்பதற்குள் விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகம் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடச் சூத்திரத்தைப் போட்டாலே உள்ளிருப்பவர்கள்மீது பூமி ஈர்ப்பைப் போல் 20,000 மடங்குக்கும் மேலான அழுத்தம் விழும் என்று தெரிந்துவிடும். வெர்ன் தண்ணீர்த் தடுப்புகளை வைத்து அதிர்ச்சியைத் தாங்கச் செய்கிறார்; நடக்கிற காரியம் இல்லை. இதே வெர்ன், ஈர்ப்பைத் தடுக்கும் உலோகம் ஒன்றை இட்டுக்கட்டியதற்காக வெல்ஸைக் குறை சொன்னார். ஆனால் நம்மால் அவரைத் தப்பு என்று நிரூபிக்க முடிவதே, நீளத்தையும் வேகத்தையும் எண்ணாகச் சொல்லி அவர் நம் கையில் கொடுத்திருப்பதால்தான். தன்னை மறுக்கத் தேவையான ஆதாரத்தைக் கதை மறைக்கவில்லை. அந்த நேர்மை போதும்.

வருங்காலத்தை முன்கூட்டிச் சொல்வது இந்த வகையின் வேலை என்ற நம்பிக்கையும் விரைவாகக் கழித்துவிட வேண்டியது. பலித்ததை மட்டும் எண்ணிப் பார்ப்பது ஜோசியருக்கு நாம் காட்டும் சலுகை. வெர்னின் பீரங்கி பலிக்கவில்லை, வெல்ஸின் காலயந்திரம் வரவில்லை. அவர்கள் நூல்கள் உயிரோடு இருக்கின்றன.

விமர்சகர்களில் டார்க்கோ சுவின் 1979இல் தந்த வரையறை இன்றும் அதிகம் பேசப்படுகிறது. நம் உலகில் இல்லாத புதியது ஒன்று கதையின் மையத்தில் இருக்க வேண்டும், அது கதையுலகம் முழுவதையும் மாற்றியமைக்க வேண்டும், அந்த அந்நியத்தன்மை அறிவோடு பொருந்தி வாசகரைத் தன் உலகத்தையே புதிதாகப் பார்க்க வைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எந்தக் கதையைச் சுட்டிக்காட்டி விஞ்ஞானக் கதை என்கிறோமோ அதுதான் விஞ்ஞானக் கதை என்று டேமன் நைட் முடித்துக்கொண்டார். சுவின் பக்கம்தான் நான். ஆனால் அவர் வரையறையில் ஒன்று அழுத்தமாகச் சொல்லப்படவில்லை என்று நினைக்கிறேன். விஞ்ஞானக் கதைக்குள் இரண்டு வகை விதிகள் ஓடுகின்றன. இயற்கை விதித்தவை சில, மனிதர் விதித்தவை சில. நம் அன்றாட வாழ்வில் இரண்டும் பின்னிக் கிடப்பதால் எது எது என்று தெரிவதில்லை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே ஓடவிட்டால் பிரிந்து தெரியும்.

இதை நம் நாட்டில் வெகு முன்பே செய்து காட்டியவர் வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹுசைன். பர்தாவுக்குள் வளர்ந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வந்தது. அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள். பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஒன்று மேகத்திலிருந்து நேரடியாக நீர் இழுக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. படையெடுத்து வந்த எதிரிகளை அந்த வெப்பத்தையே திருப்பி விட்டு விரட்டுகிறார்கள். அலுவலக வேலை தினம் இரண்டு மணி நேரம்தான். எப்படி முடிகிறது என்று சுல்தானா கேட்க, சகோதரி சாரா கணக்குச் சொல்கிறாள். ஒரு சுருட்டு எரிய அரை மணி. ஒரு ஆண் நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு பிடித்தால் ஆறு மணி நேரம் புகையிலேயே போய்விடுகிறது.

சிரிப்பு வரும் இடம்தான். ஆனால் அந்தப் பெருக்கல் கதை முழுவதையும் தாங்குகிறது. ரொக்கையா இயற்கை விதி எதையும் மீறவில்லை. சூரிய வெப்பமும் மேகத்து நீரும் உள்ளவையே. அவர் புரட்டிப் போட்டது ஒன்றே ஒன்று: யார் உள்ளே, யார் வெளியே. பெண் உள்ளே இருப்பது இயற்கை என்று எண்ணியிருந்தவர்கள், அது வெறும் ஏற்பாடு என்பதைத் தாங்களே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிறது. கட்டுரையாக எழுதியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பார்கள். பெருக்கலை எப்படி மறுப்பது?

உர்சுலா லெ குவின் 1969இல் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலில் இன்னும் அடிப்படைக்குப் போனார். அந்தக் கோளில் நிரந்தர ஆணும் இல்லை, நிரந்தரப் பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஒருவர் ஏதோ ஒரு பாலாக மாறுவார். அரசரே கருவுறலாம். குடும்பம், வாரிசு, அரசியல், போர் எல்லாம் அங்கிருந்து எப்படி வேறாகும் என்று தேடிப் போகிறது நாவல். அதற்கும் வாசகர்கள் கணக்குக் கேட்டார்கள். முக்கியப் பாத்திரமான எஸ்ட்ரவென் அரசியல் நடத்துவதையும் பனிவெளியில் வண்டி இழுப்பதையும் பார்க்கிறோம், பிள்ளை வளர்ப்பதை ஏன் பார்க்கவில்லை? 1976இல் எழுதிய கட்டுரையில் லெ குவின் அந்தக் குறையை ஒப்புக்கொண்டார். 1987இல் அதே கட்டுரைக்கு எழுதிய மறுகுறிப்புகளில் இன்னும் கடுமையாகவே தன்னை விசாரித்துக்கொண்டார். வளையத்துக்கு எந்திரம் பொருத்திய நிவனின் நேர்மையும் இதுவும் ஒரே இனம்.

இனி, இந்த வகையின் உள்முரண் முழுவதும் வெளிப்பட்ட ஒரு சிறுகதைக்கு வருகிறேன். டாம் காட்வின் எழுதிய ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’, 1954 ஆகஸ்ட் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வந்தது. ஒரு கோளில் ஆறு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து கொண்டு ஒரு சிறிய விண்கலம் போகிறது. விமானி பார்ட்டன் ஒருவன்தான் உள்ளே. பொருள் வைக்கும் அறையில் உடல் வெப்பம் இருப்பதை ஒரு முள் காட்டுகிறது. திறந்தால் மர்லின் என்ற பதினெட்டு வயதுப் பெண். அதே கோளில் வேறொரு இடத்தில் வேலை செய்யும் அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஏறி ஒளிந்துவிட்டாள். பிடிபட்டால் அபராதம் கட்டலாம் என்று நினைத்தாள். ஆனால் கலத்தில் எரிபொருள் விமானிக்கும் மருந்துக்கும் மட்டுமே அளந்து ஊற்றப்பட்டது. அவள் எடை கூடினால் இறங்கும்போது எரிபொருள் தீர்ந்து கலம் நொறுங்கும். விமானி, அவள், கீழே ஆறு பேர், எல்லோருக்கும் சாவு. ஒளிந்து வந்தவரை உடனே வெளியே தள்ள வேண்டும் என்பது சட்டம். பார்ட்டன் கலத்தின் வேகத்தடையைச் சற்றுத் தளர்த்தி அவளுக்குக் கொஞ்ச நேரம் வாங்கித் தருகிறான். அவள் கடிதம் எழுதுகிறாள், அண்ணனோடு வானொலியில் பேசுகிறாள். பிறகு தானாகவே நடந்து காற்றறைக்குள் போகிறாள்.

இதழாசிரியர் ஜான் கேம்பெல் இந்த முடிவுக்காகப் பிடிவாதம் பிடித்தார் என்பது அவருடைய எழுத்தாளர்கள் வட்டத்தில் பிரபலமான செய்தி. காட்வின் ஒவ்வொரு முறையும் பெண்ணைக் காப்பாற்ற ஏதாவது ஒரு உபாயம் கண்டுபிடித்து அனுப்புவாராம். கேம்பெல் திருப்பி அனுப்புவாராம். அதுவரை இந்த இதழ்களில் கடைசி நிமிஷத்தில் கதாநாயகனுக்கு ஒரு யோசனை உதிக்கும், எல்லோரும் பிழைப்பார்கள். அதை உடைக்க நினைத்தார் கேம்பெல். இயற்பியலுக்கு இரக்கம் கிடையாது, கெஞ்சினாலும் எண் மாறாது என்று வாசகர் ஒருமுறையாவது உணர வேண்டும் என்பது அவர் எண்ணம். கதை முதல் வாசிப்பில் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது உண்மை. மாயக் கதையில் மர்லின் பிழைத்திருப்பாள். சோக நாடகத்தில் விதியோ ஒருவரின் கொடுமையோ அவளைக் கொன்றிருக்கும். இங்கே அவளைக் கொல்வது ஒரு கழித்தல் கணக்கு. இப்படி ஒரு மரணத்தை வேறு எந்த வகைக் கதையிலும் எழுத முடியாது.

ஆனால் வாசகர்கள் விடவில்லை. எழுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உயிர் காக்கும் கலத்தில் ஒரு சொட்டு எரிபொருள்கூட உபரியாக ஏன் வைக்கவில்லை? ஏறினால் மரணம் என்ற இடத்தில் உள்ளே நுழைய அனுமதி இல்லை என்று ஒரு பலகை மட்டும் போதுமா? புறப்படுமுன் அந்தச் சின்ன அறையை ஒருவர் திறந்து பார்த்திருக்கக் கூடாதா? அவள் எடைக்குச் சமமாக வேறு பொருள்களைக் கழற்றி வீச முடியாதா? டான் சேக்கர்ஸ் 1991இல் ‘தி கோல்ட் சொல்யூஷன்’ என்று ஒரு பதில் கதையே எழுதினார். அதில் விமானியும் ஒளிந்து வந்த சிறுவனும் தங்கள் கைகால்களை வெட்டி எறிந்து எடையைக் குறைத்துப் பிழைக்கிறார்கள். கோரி டாக்டரோ 2014இல் எழுதிய கட்டுரையில் நேராக ஆசிரியரை நோக்கியே விரல் நீட்டினார்: தப்பிக்க வழியில்லாதபடி கதையை அமைத்தது எழுதியவர், பழியை இயற்கைமீது போடுவது நியாயம் ஆகாது.

எனக்கு டாக்டரோ சொல்வது சரியாகப் படுகிறது. கழித்தல் இயற்கையுடையது. எரிபொருளை அளந்து ஊற்றியது ஒரு நிர்வாகம். கதை இரண்டையும் சேர்த்துக் கட்டி மொத்தத்துக்கும் இயற்கை விதி என்று பெயர் வைத்துவிட்டது. சிக்கன நடவடிக்கையை எல்லாம் பௌதிக விதி போலப் பேசுகிறவர்கள் கதைக்கு வெளியேயும் உண்டு. ஆளில்லாத ரயில்வே கேட்டில் ஒருவர் அடிபட்டுச் சாகும்போது ரயிலின் வேகத்தையும் நிறுத்தும் தூரத்தையும் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். இயற்கை விதியின் கறார்த்தன்மையைப் பற்றி இவ்வளவு பிடிவாதம் காட்டிய இதே கேம்பெல்தான் 1950இல் ரான் ஹப்பார்டின் டயனடிக்ஸ் என்ற போலி உளவியல் சிகிச்சையைத் தம் இதழில் வரவேற்று அச்சிட்டார் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆயினும் ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’ தோற்ற கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்களை வெளிப்படையாக வைத்துவிட்டதால்தான் வாசகர்களால் உள்ளே புகுந்து கேட்க முடிந்தது. எரிபொருள் அளவு, எடை, சட்டம், அறைக் கதவின் பலகை எல்லாம் கதையே தந்த தகவல்கள். அதைக் கொண்டே அதைக் குற்றம் சாட்டினார்கள். கேம்பெல் விரும்பிய பாடத்தைத் தாண்டி, அவர் நினைக்காத ஒரு பாடத்தையும் கதை தாங்கி நின்றது.

இயற்கை விதியையும் மனித ஏற்பாட்டையும் கலக்காமல் எழுதிய நூல் எது என்று கேட்டால் ஆர்தர் சி. கிளார்க்கின் ‘ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலைச் சொல்வேன். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்தவர் அவர். 1979இல் வந்த இந்த நாவலில், தரையிலிருந்து விண்வெளிவரை ஒரு கம்பியைக் கட்டி அதில் ஏறிப் போகும் தூக்கியை ஒரு பொறியாளர் அமைக்க விரும்புகிறார். யூரி அர்ட்சுட்டானவ் என்ற ருஷ்யப் பொறியாளர் 1960இல் வெளியிட்ட யோசனை அது. கம்பி தொங்க வேண்டியது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்துச் சுற்றுப்பாதையிலிருந்து. அடிவாரத்துக்கு ஒரு மலையும் இருந்தால் நல்லது. கிளார்க்குக்கு மனதில் இருந்த மலை இலங்கையின் சிவனொளிபாதமலை. ஆனால் அது பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. கிளார்க் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தினார். தப்ரபேன் என்று பழைய பெயரைச் சூட்டி, நகர்த்தியதை நூலிலேயே வெளிப்படையாகச் சொல்லியும்விட்டார். ஏழு பாகையைக் கிலோமீட்டராக்கிப் பாருங்கள், கணக்கு ஒத்துவரும்.

கம்பியின் வலிமை, எடை, காற்று, மின்சாரம் எல்லாவற்றுக்கும் நாவலில் விடை இருக்கிறது. விடை இல்லாத ஒன்று, அந்த மலை உச்சியில் பல நூற்றாண்டுகளாக இருக்கும் புத்த மடம். பிக்குகள் இடத்தைத் தர மறுக்கிறார்கள். வழக்கு நடக்கிறது. எந்தச் சூத்திரமும் அவர்களை நகர்த்த முடியாது. அவர்கள் வெளியேறுவது ஒரு பழைய தீர்க்கதரிசனத்தால். பட்டாம்பூச்சிகள் உச்சியை எட்டும்போது மடம் வீழும் என்பது அது. மனிதர் கிளப்பிய புயல் ஒன்று அவற்றை மேலே கொண்டுவந்து சேர்க்கிறது. ஈர்ப்பு விதியை வளைக்க முடியாது, தீவை நகர்த்தலாம், பிக்குகளிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று மூன்றையும் தனித்தனியே வைத்தார் கிளார்க். சார்ல்ஸ் ஷெஃபீல்ட் அதே ஆண்டில் அதே யோசனையை வைத்து ஒரு நாவல் எழுதியிருந்தார். இரண்டும் சுயமாக எழுதப்பட்டவை என்று கிளார்க் பகிரங்கக் கடிதமே எழுதினார். இயற்கை விதிகள் எல்லோருக்கும் பொது. ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் ஒரே கம்பியில் வந்து நின்றதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

தமிழில் இந்தக் கணக்குப் பார்க்கும் பழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன். 2015இல் ரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’ படத்தில் காலயந்திரம் கிடைத்த இரண்டு இளைஞர்கள் அதை வைத்து ஜோசியம் பார்க்கிறார்கள். தொலைந்த பொருள் எங்கே என்று கேட்டு வருபவருக்காக இறந்த காலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். வேலை கிடைக்காத இளைஞர் கையில் காலயந்திரம் கிடைத்தால் நம் ஊரில் நடக்கக்கூடியது அதுதான். அப்படிப் போன ஒரு பயணத்தில் அவர்கள் செய்த குளறுபடியால், போலீஸ் குண்டுக்குச் சாக வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். நிகழ்காலம் முழுவதும் கெடுகிறது. படம் முடிந்து வெளியே வந்தவர்கள் காலக் கணக்கு சரியாக வந்ததா என்று டீக்கடையில் நின்று வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். பாஸ்டன் விடுதியில் கோஷம் போட்டவர்களின் உறவினர்கள் அவர்கள்.

அவர்களுக்கு முன்பே வழி போட்டவர் சுஜாதா. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்காற்றியவர். ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, பேசும், படிக்கும், சிந்திக்கும் இயந்திர நாய் ஜீனோவுக்காகக் காத்திருந்த வாசகர்கள் பலர். பிள்ளை பெறுவதற்கும் அரசு அனுமதி வேண்டிய நாட்டில், மனிதர்கள் கேட்காத கேள்விகளை அந்த நாய் கேட்டது. ஜீனோவின் குறும்பைப் பற்றி நிறையப் பேசினோம். அதன் உலகத்தைப் பற்றிப் பேச இன்னும் பாக்கி இருக்கிறது. புத்தகம் படித்தே ஒரு இயந்திரத்துக்குச் சுயபுத்தி வரும் என்றால், அதே வகையில் செய்யப்பட்டு மற்ற வீடுகளில் காவல் காக்கும் இயந்திரங்கள் எதைப் படித்துக்கொண்டிருந்தன? யார் அவற்றுக்குப் புத்தகம் கொடுக்காமல் தடுத்தது? பிறப்புக்கே உத்தரவு எழுதும் அந்த அரசு இயந்திரங்கள் படிப்பதற்கு என்ன உத்தரவு எழுதியிருக்கும், அதை மீறிய முதல் இயந்திரம் ஜீனோதானா?